சிப்பிச் செவுளில் நிற்கிறது, மூச்சுக்குழாயில் ஓடுகிறது: கால்சியம் சிலியாவிடம் என்னதான் சொல்கிறது?

(குளச்சல், வடசேரி, தக்கலை, அருமனை – நால்வர் தங்கள் ஊர்ப்பெயரில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டது.)

குளச்சல் – 2025 ஜனவரி 5, இரவு 9.10

சிப்பியின் செவுளில் கால்சியம் ஏறினால் பக்கவாட்டுச் சிலியா (செல்லின்மேல் மயிர்போல நின்று துடிக்கும் நுண்ணிழை) நின்றுவிடும் என்று செய்முறை வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். மூச்சுக்குழாய்ச் சிலியாவைப் பற்றி எங்கே பார்த்தாலும் கால்சியம் ஏறினால் துடிப்பு வேகமாகும் என்று போட்டிருக்கிறது. ரெண்டும் 9+2 அமைப்பு (நடுவில் இரண்டு நுண்குழல், சுற்றி ஒன்பது இரட்டைக்குழல்), ரெண்டிலும் அதை வளைக்கும் புரதம் டைனீன். பிறகு ரெண்டும் எப்படிச் சரியாகும்? ஒரு பக்கம் அச்சுப்பிழையாக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

வடசேரி – ஜனவரி 5, இரவு 11.30

அச்சுப்பிழை இல்லை. ரெண்டும் சரி.

கால்சியத்துக்கு "ஓடு" என்றோ "நில்" என்றோ சொந்தமாக ஒரு பொருள் கிடையாது. அதைப் படிக்கிற புரதம் எது என்பதில்தான் பொருள் இருக்கிறது. பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியில் கால்சியத்தின் செறிவு ஒரு மைக்ரோமோலாரை (ஆயிரம் நானோமோலார்) தாண்டினால் சிலியா எதிர்த்திசையில் அடிக்கும், அந்த உயிரி பின்னோக்கி நீந்தும். கிளாமிடோமோனாஸ் பாசியில் அடிக்கும் வடிவமே மாறும். சிப்பிச் செவுளின் பக்கவாட்டுச் சிலியா நிற்கும். பாலூட்டியின் மூச்சுக்குழாயில் துடிப்பெண் கூடும். ஒரே 9+2, நாலு விதமான வாசிப்பு.

மூச்சுக்குழாய்க் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிலியச் செல்லில் 200 முதல் 300 சிலியா. ஒவ்வொன்றும் 6, 7 மைக்ரோமீட்டர் நீளம், கால் மைக்ரோமீட்டர் தடிமன். 37 டிகிரியில் நொடிக்கு 10 முதல் 15 துடிப்பு. ஒரு துடிப்பில் மூன்று கட்டம்: நிமிர்ந்து விசையோடு அடிப்பது, தாழ்ந்து பக்கவாட்டில் சுருண்டு திரும்புவது, சற்றே ஓய்வது. விசையடியில் நுனி மட்டும் மேலே கிடக்கும் சளியின் அடிப்பரப்பைத் தொடும். திரும்பும்போது முழுக்கத் தண்ணீர்ப் படலத்துக்குள்ளேயே திரும்பும். அதனால்தான் சளி ஒரே திசையில், தொண்டையை நோக்கி, நகர்கிறது. வேகம் கூடும்போது முதலில் சுருங்குவது அந்த ஓய்வு நேரம்.

சும்மா இருக்கும் செல்லில் தனிக் கால்சியம் 50 முதல் 100 நானோமோலார். தூண்டினால் சில நூறு நானோமோலார் வரை ஏறும். பெரும்பாலும் இந்த வழியில்: செல்லின் மேற்பரப்பில் ஏடிபியை உணரும் பி2ஒய்2 ஏற்பி, அதற்குக் கீழே ஜிகியூ புரதம், அது எழுப்பும் பாஸ்போலிபேஸ் சி, அது வெட்டித் தரும் ஐபி3 என்ற சிறு மூலக்கூறு, அது திறந்துவிடும் உட்கிடங்குக் கால்சியம். கால்சியம் ஏறிய சில துடிப்புகளுக்குள் வேகம் கூடிவிடும். நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. அங்கே கால்சியம் சிலியத் தண்டுக்குள் நேரே போய் டைனீனை முடுக்குகிறது.

வடசேரி – ஜனவரி 6, காலை 6.20

கடைசி வரியைத் திருத்துகிறேன். நேற்று அதை முடிந்த விஷயம்போல எழுதிவிட்டேன், அது முடிந்த விஷயம் இல்லை.

செம்மறியாட்டு மூச்சுக்குழாயின் தனிச் செல்களில் அளந்தவர்கள், கால்சியமும் துடிப்பும் இவ்வளவு ஒட்டி ஓடுவதையும், கால்சியத்தைப் பிடிக்கும் கால்மாடுலின் புரதத்துக்குத் தடுப்பான் போட்டும் அந்த ஒட்டு அறாததையும் வைத்து, கால்சியம் தண்டில் நேரே வேலை செய்கிறது என்றார்கள். முயல் மூச்சுக்குழாயில் அளந்தவர்கள் வேறு சங்கிலியைக் காட்டினார்கள்: கால்சியம் கால்மாடுலினோடு சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு செய்யும் நொதியை எழுப்புகிறது, அந்த வாயு செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஜிஎம்பியைக் கூட்டுகிறது, அது புரத கைனேஸ் ஜி (புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதி) வழியாக வேகத்தைக் கூட்டுகிறது. விலங்கு வேறு, தூண்டிய அளவு வேறு, பார்த்த நேரம் வேறு. முதல் சில நொடிப் பாய்ச்சலுக்கு நேர்வழியும், அதன்பின் வேகம் இறங்காமல் நிற்பதற்கு நைட்ரிக் ஆக்சைடு வழியும் என்று இரண்டையும் சேர்த்துப் படிப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. கருத்துதான். மாணவருக்குச் சொல்லும்போது இரண்டு வழியையும் போடுங்கள்.

தக்கலை – ஜனவரி 6, மதியம் 1.45

மருந்துக்கடையில் ஏடிபி மாத்திரை என்று கேட்டு வருகிறார்கள். சிலியா ஓட ஏடிபி வேணும், சளி தள்ள நல்லது என்று யாரோ சொல்லியிருக்காங்க. என்ன பதில் சொல்ல?

வடசேரி – ஜனவரி 6, இரவு 10.05

இரண்டு ஏடிபியையும் பிரித்துச் சொல்லுங்கள். குழப்பம் முழுக்க அங்கேதான்.

செல்லுக்கு உள்ளே இருப்பது எரிபொருள். சிலியாவின் அடிவாரத்தில் மைட்டோகாண்ட்ரியா நெருக்கமாகக் குவிந்து கிடக்கும், அங்கிருந்து தண்டுக்குள் ஏறும். டைனீன் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் அதை எரிக்கிறது. உள்ளே அது மில்லிமோலார் அளவில் இருப்பதால் நலமான செல்லில் சாதாரணமாகத் தட்டுப்பாடு வராது. வாயில் போடும் மாத்திரை அங்கே போய்ச் சேரவும் செய்யாது.

செல்லுக்கு வெளியே, சளிப்படலத்தின் கீழ்த் தண்ணீரில் இருப்பது செய்தி. அளவு நானோமோலார். மூச்சின் உரசல், இருமலின் இழுப்பு, செல் வீங்கிச் சுருங்குவது எல்லாம் செல்லை அழுத்தும். அழுத்தம் பட்டதும் பானெக்சின் 1 போன்ற வாய்கள் வழியே ஏடிபி வெளியே கசியும். அது பக்கத்துச் செல்லின் பி2ஒய்2ஐத் தட்டும், அங்கே கால்சியம் ஏறும். ஒரு செல்லை நுண்ணூசியால் மெல்லத் தொட்டால் கால்சியம் அலையாகச் செல்லுக்குச் செல் பரவுவதை 1990 வாக்கிலேயே படம்பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த அலைக்கு இரண்டு பாதை: உள்ளே ஐபி3 இடைச்சந்திகள் (இரு செல்லை இணைக்கும் துளைகள்) வழியாக நழுவிப் போவது, வெளியே ஏடிபி கரைந்து பரவுவது. மீன் ஏலம் கூவுகிற குரல் ஒன்று, கைமேல் துண்டைப் போட்டு விரலால் பேசுகிற விலை ஒன்று. ரெண்டும் ஒரே சந்தையில்தான் நடக்கிறது.

வெளியேறிய ஏடிபி நீடிக்காது. செல்லின் மேற்பரப்பு நொதிகள் அதைப் படிப்படியாக வெட்டி அடினோசின் ஆக்கிவிடும். முக்கியமான திருப்பம் இங்கேதான். அடினோசினும் கழிவு இல்லை, அடுத்த செய்தி. அது ஏ2பி ஏற்பியில் உட்கார்ந்து சைக்ளிக் ஏஎம்பி என்ற இன்னொரு உட்செய்தியைக் கூட்டும். ஒரே மூலக்கூறு முழுதாக இருக்கையில் கால்சியம் வழியாகச் சட்டென்று முடுக்குகிறது, தேய்ந்தபின் சைக்ளிக் ஏஎம்பி வழியாக அந்த வேகத்தைத் தாங்கிப் பிடிக்கிறது.

பி2ஒய்2ஐத் தட்டும் மருந்தும் வந்தது. டெனுஃபோசால் என்று பெயர், சளி கெட்டியாகும் பிறவி நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்காக முகர வைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் கட்டத்தின் முதல் சோதனையில் சிறு பலன் தெரிந்தது. இரண்டாவது சோதனை 2011ல் தோற்றது. வெட்டும் நொதிக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்படி செய்த மருந்துக்கே அந்த நிலை. மாத்திரை கேட்டு வருபவருக்கு இதைச் சொல்லலாம்.

வடசேரி – ஜனவரி 8, இரவு 9.50

சைக்ளிக் ஏஎம்பியைத் தனியாக எழுதுகிறேன், அது இல்லாமல் குளச்சலின் கேள்விக்குப் பாதி விடைதான் கிடைத்திருக்கிறது.

கால்சியம் நொடிகளில் வரும், போகும். சைக்ளிக் ஏஎம்பி மெதுவாக ஏறும், நீண்ட நேரம் நிற்கும். அது எழுப்புவது புரத கைனேஸ் ஏ. இந்தக் கைனேஸ் செல் முழுக்க மிதந்து திரிவதில்லை. நங்கூரப் புரதத்தால் சிலியத் தண்டிலேயே கட்டிப்போடப்பட்டிருக்கிறது. மாட்டு மூச்சுக்குழாயிலிருந்து சிலியாவை உதிர்த்து, சவ்வை உரித்து, வெறும் தண்டுக்கு ஏடிபியும் சைக்ளிக் ஏஎம்பியும் கொடுத்தால் துடிப்பு கூடுகிறது. செல்லே இல்லை, கருவும் இல்லை, கட்டளையைப் படித்து நடத்துகிற ஆள் தண்டிலேயே இருக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். வேலை நடக்கும் இடம் வெளிவரிசை டைனீன் கரங்கள் என்றே பெரும்பாலான சான்றுகள் காட்டுகின்றன. அங்கே பாஸ்பேட் ஏறினால் நுண்குழல் வழுக்கும் வேகம் கூடும். அந்தக் கரங்கள் 24 நானோமீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்பவை.

சைக்ளிக் ஏஎம்பியைச் செய்யும் நொதியும் இரண்டு வகை. ஒன்று சவ்வில் உட்கார்ந்து ஏற்பி சொல்வதைக் கேட்பது. மற்றது கரையும் அடினைலில் சைக்ளேஸ், இது பைகார்பனேட்டைக் கேட்பது, சிலியாவிலும் இருக்கிறது. மூச்சில் கரியமில வாயு கூடினால் செல்லுக்குள் பைகார்பனேட் கூடும், அதனால் இந்த நொதி எழும். அதே வாயு செல்லைப் புளிக்கவும் வைக்கும், புளிப்பு துடிப்பைக் குறைக்கும். இந்த இழுபறியில் எது வெல்லும் என்பது வாயுவின் அளவையும் நேரத்தையும் பொறுத்தது. அதனால்தான் சோதனைத் தட்டில் கார அமிலநிலையைக் கட்டிவைக்காமல் எடுத்த எண்ணை நம்பமுடியாது. திறந்த மேசையில் பார்ப்பதானால் அந்த நிலையை மாறாமல் காக்கும் ஹெப்பிஸ் சேர்த்த ஊடகம் வேண்டும்.

இன்னொன்று. அதே கைனேஸ் ஏ, சிஎஃப்டிஆர் குளோரைடு வாயையும் திறந்துவிடும். குளோரைடு வெளியே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். ஒரே கட்டளையில் துடுப்பும் வேகமெடுக்கிறது, துடுப்பு போட வேண்டிய தண்ணீரும் ஊறுகிறது.

சிப்பிக்கு வருவோம். மைட்டிலஸ் சிப்பியின் செவுளில் நரம்பு விடும் செரோடோனின்தான் சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டிப் பக்கவாட்டுச் சிலியாவை ஓட வைக்கிறது. ஆக, சைக்ளிக் ஏஎம்பி சொல்வதை இரண்டு விலங்கும் ஒரே மாதிரிதான் கேட்கின்றன. மாறுபடுவது கால்சியத்தில் மட்டும். சிப்பிக்குத் தண்ணீர் இழுப்பதை நிறுத்தவும் தெரிய வேண்டும், ஓடு மூடியபின் இழுத்து என்ன பயன்? மூச்சுக்குழாய்க்கு நிறுத்தம் என்பதே ஆபத்து.

தக்கலை – ஜனவரி 9, காலை 11.20

அப்படியானால் இழுப்புக்குக் கொடுக்கிற சால்பூட்டமால் சளிக்கும் நல்லதுதானே அண்ணாச்சி? பீட்டா 2 ஏற்பி, சைக்ளிக் ஏஎம்பி, எல்லாம் ஒத்து வருது. இழுப்பு இல்லாத வெறும் சளி இருமலுக்கும் நெபுலைசர் வைக்கச் சொல்லிக் கேட்கிறவங்க நிறைய.

வடசேரி – ஜனவரி 9, இரவு 10.40

தட்டில் உள்ள செல்லில் சால்பூட்டமால் துடிப்பைக் கூட்டும், அதில் சந்தேகமில்லை. ஆளுக்குள் போனால் கணக்கு மாறும்.

முதலாவது, நலமான சளியில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் திடப்பொருள், மீதி தண்ணீர். நாட்பட்ட நோயில் அது கெட்டியாகி, கீழிருக்கும் தண்ணீர்ப் படலத்தை உறிஞ்சி, சிலியாவை அமுக்கிப் படுக்க வைக்கும். சேற்றில் மாட்டிய வள்ளத்தில் துடுப்பை எவ்வளவு வேகமாகப் போட்டாலும் வள்ளம் நகராது. அங்கே தேவை தண்ணீர், வேகம் இல்லை. இரண்டாவது, ஏற்பியைத் தொடர்ந்து தட்டிக்கொண்டே இருந்தால் செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், பதில் மங்கும். மூன்றாவது, கைநடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் இலவசமாக வரும். இழுப்பு உள்ளவருக்குக் குழாய் விரிவதற்காகக் கொடுப்பது வேறு. வெறும் சளிக்காக என்றால் மருத்துவர் சொல்லாமல் வைக்க வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

சைக்ளிக் ஏஎம்பியைச் செய்வதற்குப் பதில் அதை வெட்டும் நொதியைத் தடுக்கலாம். ரோஃப்லுமிலாஸ்ட் அந்த வகை, பிடிஇ4ஐத் தடுக்கும். தட்டில் சிலியாவை வேகப்படுத்தும். ஆனால் சிஓபிடி (நாட்பட்ட மூச்சடைப்பு) நோயாளிக்கு அதைக் கொடுப்பது முக்கியமாக அழற்சி குறையத்தான். தியோஃபிலின் எல்லா வகை பிடிஇயையும் கொஞ்சம் கொஞ்சம் தடுக்கும். கூடவே அடினோசின் ஏற்பியையும் அடைக்கும். மேலே சொன்ன ஏ2பி வழி அதனால் பாதிக்கப்படும். ஒரே மருந்து ஒரு கையால் தள்ளி மறுகையால் இழுக்கிறது. ஆனாலும் மொத்தத்தில் துடிப்பு கூடும் பக்கமே சாய்கிறது.

அருமனை – ஜனவரி 12, மாலை 6.15

நாக்கில் இருக்கும் கசப்பு ஏற்பி மூச்சுக்குழாய்ச் சிலியாவிலும் இருக்கு என்று வாசித்தேன். நிலவேம்புக் கசாயத்தைவிடக் கசப்பு எது? அப்போ சளிக்குக் கசாயம் குடிக்கச் சொன்னதுக்கு இதுதான் காரணமாக்கும்?

வடசேரி – ஜனவரி 12, இரவு 11.00

ஏற்பி இருப்பது உண்மை. 2009ல் சயின்ஸ் இதழில் வந்தது. மனித மூச்சுக்குழாய்ச் சிலியாவில் டி2ஆர் குடும்பத்தில் 4, 38, 43, 46 என்ற நான்கு. கசப்புப் பொருள் பட்டதும் கால்சியம் ஏறித் துடிப்பு கூடுகிறது. கசாயத்துக்கு இதை ஆதாரமாக வைப்பதில் மூன்று தடை.

அந்தச் சோதனையில் கசப்பை நேரே சிலியாவின்மேல் ஊற்றினார்கள். குடிக்கிற கசாயம் இரைப்பைக்குப் போகிறது. ரத்தம் வழியாகச் சுற்றி மூச்சுக்குழாயின் மேற்பரப்புக்கு வந்து சேரும் அளவு மிகக் குறைவு. அடுத்தது, இந்த ஏற்பிகளுக்குப் பெரும்பாலும் அதிக அளவு வேண்டும். சோதனைகளில் டெனடோனியம் என்ற கசப்புப் பொருள் மில்லிமோலார் அளவில் போகிறது. மூன்றாவதுதான் சுவையானது: நாக்குக்குக் கசக்கும் பொருளெல்லாம் இந்த நான்கில் ஒன்றைத் தட்டும் என்பதில்லை. "கசப்பு" என்பது நாக்குக்கு ஒன்று, ஏற்பிகளுக்கு இருபத்தைந்து.

கசாயம் வீண் என்று நான் சொல்லவில்லை. வெந்நீராகக் குடிப்பதே தொண்டைக்கு இதம். காரணம் இதுவல்ல என்றுதான் சொல்கிறேன். சளிக்கும் நம் மூலிகைக்கும் நேரான தொடர்பு வேண்டுமானால் ஆடாதோடையைப் பாருங்கள். அதன் வாசிசினை மாதிரியாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் செய்தார்கள். புரோம்ஹெக்சின் உடலில் மாறுவது ஆம்பிராக்சால். ரெண்டும் இன்று மருந்துக்கடையில் இருக்கின்றன.

டி2ஆர்38 பற்றி ஒரு வார்த்தை. சூடோமோனாஸ் கிருமி தங்களுக்குள் பேச விடும் லாக்டோன்களை இந்த ஏற்பி ஒட்டுக்கேட்கிறது. கேட்டதும் கால்சியம், அதன்பின் நைட்ரிக் ஆக்சைடு. சிலியா வேகமெடுக்கும், அந்த வாயுவே கிருமியையும் கொல்லும். இது 2012ல் மனித மூக்குச் செல்களில் காட்டப்பட்டது. பிடிசி என்ற வேதிப்பொருள் ஏற்றிய தாளை நாக்கில் வைத்தால் சிலருக்குக் கடுங்கசப்பு, சிலருக்கு ஒன்றுமே தெரியாது. அந்த மரபணு வேறுபாடே இந்தப் பதிலின் வலிவையும் மாற்றுகிறது. பள்ளியில் மரபியல் பாடத்துக்குப் பிடிசி தாள் வைக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

வடசேரி – ஜனவரி 13, காலை 7.00

மூலிகை என்றதும் விட்டுப்போனது: ஊமத்தை. அதன் இலைப்புகை இழுப்பைத் தணிக்கும் என்று பழைய வழக்கம் உண்டு. அதிலுள்ள அட்ரோபின் குழாயை விரிக்கும், சரிதான். ஆனால் மூச்சுக்குழாய்ச் செல் தன் எம்3 ஏற்பியில் அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தியைக் கேட்டும் கால்சியத்தை ஏற்றித் துடிப்பைக் கூட்டுகிறது. அட்ரோபின் அந்த ஏற்பியையும் அடைக்கும், சளியையும் வறட்டும், சளி நகர்வது குறையும். அளவு மீறினால் பிதற்றலும் சாவும். யாரும் செய்ய வேண்டாம்.

குளச்சல் – ஜனவரி 18, இரவு 8.30

சிப்பிச் செவுளை நுண்ணோக்கியில் போன் கேமராவால் படமெடுத்து அதிர்வெண் கணக்கிட்டோம். ஓடுகிற சிலியாவில் 10 ஹெர்ட்ஸ். நிற்கிற சிலியாவிலும் 10. வெறும் கண்ணாடியிலும் 10! நொடிக்கு 30 படம், எல்இடி விளக்கு. எங்கே தப்பு?

வடசேரி – ஜனவரி 18, இரவு 10.15

விளக்கில். வெறும் கண்ணாடியையும் அளந்து பார்த்தது மிக நல்ல காரியம், எல்லோரும் அதை முதலில் செய்ய வேண்டும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி ஒரு சுற்றுக்கு இரண்டு முறை, அதாவது நொடிக்கு 100 முறை மின்னும். கண்ணுக்குத் தெரியாது. நொடிக்கு 30 படம் எடுக்கும்போது அந்த 100, மூன்று முப்பதைக் கழித்து மிச்சம் 10ஆக வந்து நிற்கும். சிலியாவின் இயல்பான வேகத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்துவிடுகிறது, அதனால் யாருக்கும் ஐயம் வராது. போனில் மின்னலைத் தடுக்கும் அமைப்பு இருக்கிறதே என்பீர்கள். அது ஒவ்வொரு படத்தின் ஒளிநேரத்தையும் 10 மில்லிநொடியின் மடங்காக வைத்தால்தான் வேலை செய்யும். நுண்ணோக்கி வெளிச்சம் அதிகம் என்பதால் போன் ஒளிநேரத்தை ஒரு மில்லிநொடிக்குக் கீழே கொண்டுபோய்விடும், தடுப்பு அற்றுப்போகும்.

செய்ய வேண்டியது: விளக்கை மின்கலத்தில் ஓட்டுங்கள், டார்ச் போதும். அதன் ஒளி குறைக்கும் பொத்தானைத் தொடாதீர்கள், பல டார்ச்சுகள் மின்னியே ஒளியைக் குறைக்கின்றன. போனை மெதுவோட்டத்தில், நொடிக்கு 240 படம் வைத்து எடுங்கள். ஒரு சிலியாவை எடுத்துப் பத்துத் துடிப்புக்கு எத்தனை படம் என்று எண்ணுங்கள். 200 படம் ஆனால் 240ஐப் பத்தால் பெருக்கி 200ஆல் வகுக்க, 12 ஹெர்ட்ஸ். ஒரு படம் தவறினாலும் அரை விழுக்காடுதான் பிழை. போன் கோப்பை 30ஆக மாற்றி ஓட்டும், எனவே ஓட்ட நேரத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது, படங்களை எண்ண வேண்டும்.

30 படத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. 15 ஹெர்ட்ஸுக்கு மேல் போன துடிப்பு மடங்கிக் கீழே விழும். 18 ஹெர்ட்ஸ் 12ஆகத் தெரியும், 20 ஹெர்ட்ஸ் 10ஆகத் தெரியும். ஒரு செல் 14இல் ஓடுகிறது, மருந்து போட்டு 18க்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் 14இலிருந்து 12க்கு இறங்கியதாக இருக்கும். தூண்டும் மருந்தைத் தடுக்கும் மருந்து என்று எழுதிவிடுவோம். உங்கள் கால்சியக் கேள்வியிலேயே இது நடந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

வெப்பமும் பார்க்கணும். மனிதச் செல்லுக்கு 37 டிகிரி. நாகர்கோவில் அறையின் 27, 28 டிகிரியில் 12 ஹெர்ட்ஸ் செல் 8, 9 வாக்கில் நிற்கும். மேடையைச் சூடாக்கினாலும் எண்ணெய் விட்ட 100 மடங்கு வில்லை செல்லிலிருந்து சூட்டை இழுக்கும், அதற்கும் சூடேற்றி வேண்டும். மருத்துவமனைகளில் சிலியாவைச் சோதிக்க மூக்கின் கீழ்ச்சுருளைத் தூரிகையால் வருடிச் செல் எடுக்கும்போது மரப்பு மருந்து போடுவதில்லை. லிக்னோகெயின் சிலியாவை மந்தமாக்கும். சளிக்காய்ச்சல் வந்து ஆறு வாரமாவது கழிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கிருமி செய்த கோளாறைப் பிறவிக் கோளாறு என்று படித்துவிடுவோம். அங்கே படம் பெரும்பாலும் நொடிக்கு 500.

அருமனை – ஜனவரி 19, மதியம் 2.00

அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வறுக்கிற இடத்தில் நிற்பவர்களுக்கு எப்போதும் இருமல். அண்டித்தோட்டை அடுப்பெரிக்கிற வீடுகளிலும் அப்படித்தான். புகை இந்தக் கட்டளைகளில் எதைக் கெடுக்குது?

வடசேரி – ஜனவரி 19, இரவு 9.30

இதுவரை எழுதியதெல்லாம் முடுக்கிகள். தடை மிதிக்கும் கட்டளையும் உண்டு, புரத கைனேஸ் சி. அது எழுந்தால் துடிப்பு குறையும், அது எழுந்த செல்லில் சைக்ளிக் ஏஎம்பியின் தூண்டலும் சரியாகப் பிடிப்பதில்லை.

விறகோ தோடோ ஓலையோ எரிந்தால் வரும் புகையில் அசிட்டால்டிஹைடு, ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் மூன்றும் உண்டு. அசிட்டால்டிஹைடு டைனீனின் ஏடிபி வெட்டும் வேலையை நேராகவே தடுக்கும். அதோடு, புகையிலும் குடியிலும் வரும் அசிட்டால்டிஹைடு, செல் சிதைவில் வரும் மலான்டைஅல்டிஹைடோடு சேர்ந்து புரதங்களில் ஒட்டிக்கொண்டால், அந்த ஒட்டுப்புரதமே கைனேஸ் சியை எழுப்புகிறது. குடியும் புகையும் சேர்ந்தவரின் நெஞ்சு தனியாக மோசமாவதற்கு இது ஒரு காரணம். சாராயம் மட்டும் என்றால் முதல் சில மணி நேரம் நைட்ரிக் ஆக்சைடு வழியாகத் துடிப்பைக் கூட்டவும் செய்யும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் கைனேஸ் ஏ மரத்துப்போய், எந்தத் தூண்டலுக்கும் பதில் வராது. புகைப்பவர்களில் சிலியாவின் நீளமே குறைகிறது. நீளம் குறைந்தால் நுனி சளியை எட்டாது, அதிர்வெண் சரியாக இருந்தும் சளி நகராது.

அண்டி வறுக்கும் புகையில் தோட்டு எண்ணெயின் பீனால்களும் சேரும், தோலையே பொள்ள வைக்கும் சரக்கு அது. தும்பு ஆலைத் தூசி வேறு கதை, அது பெரும்பாலும் இழைத்தூசி, அங்கே துணி கட்டினாலும் ஓரளவு நிற்கும். புகையிலுள்ள வாயுவைத் துணி நிறுத்தாது. புகைபோக்கியின் உயரமும் காற்று வரும் பக்கத்தில் நிற்பதும்தான் காப்பாற்றும். முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு புகைக்குள் நிற்கும் பெண்களுக்கு அந்தத் துணி போதாது என்பதை வேலை கொடுப்பவர்கள் அறிய வேண்டும்.

தக்கலை – ஜனவரி 21, காலை 10.30

மூக்கு கழுவ உப்புத்தண்ணி அளவு சொன்னால் கடையில் எழுதி ஒட்டிவிடுவேன்.

வடசேரி – ஜனவரி 21, இரவு 8.00

250 மில்லி தண்ணீருக்கு 2.25 கிராம் உப்பு, 0.9 விழுக்காடு. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் மட்டும். குளத்து நீரோ கிணற்று நீரோ அப்படியே கூடாது, மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் அமீபாவால் பக்கத்துக் கேரளத்தில் 2024ல் காய்ச்சல் கண்டதை மறக்க வேண்டாம்.

தட்டில் பார்த்தால் 0.9 விழுக்காடு உப்புநீர் துடிப்பைச் சற்றுக் குறைக்கும், ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக்கரைசல் குறைப்பதில்லை. 7 விழுக்காடு ஐந்து நிமிடத்துக்குள் சிலியாவை நிறுத்தும், கழுவினால் மீளும். 14.4 விழுக்காட்டில் நின்றது மீளாது. ஆனால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிக்கு அதே 7 விழுக்காட்டை முகர வைத்தால் பலன் உண்டு, மேற்பரப்பு தண்ணீரை இழுத்து உப்பைச் சட்டென்று நீர்த்துவிடும். தட்டில் அந்த வசதி இல்லை. கடல்நீர் ஏறத்தாழ 3.5 விழுக்காடு, அள்ளி அப்படியே மூக்கில் விடும் பழக்கம் வேண்டாம். சொட்டு மருந்து வாங்குகிறவர்களிடம் பென்சால்கோனியம் குளோரைடு இல்லாததைக் காட்டுங்கள். அந்தப் பதப்பொருள் தட்டில் சிலியாவை நிறுத்தும்.

வடசேரி – ஜனவரி 25, இரவு 10.00

குளச்சலுக்கு, டார்ச் வாங்கிவிட்டீர்கள் என்றால் செய்முறை இப்படி.

கடல்நீரை வடிதாளில் வடித்துக்கொள்ளுங்கள். சிப்பியின் செவுளில் ஒரு இழைக்கொத்தை நுனிக்கத்தரியால் வெட்டி அதிலிடுங்கள், இழைகளை ஊசியால் பிரியுங்கள். பறி கட்டி வரும் நம் பழுப்புச் சிப்பியும் மைட்டிலஸ் குடும்பம்தான். வெட்டிய செவுளுக்கு நரம்புத் தொடர்பு அறுந்துவிடுவதால் மைட்டிலஸில் பக்கவாட்டுச் சிலியா பெரும்பாலும் தானாகவே அடங்கிக் கிடக்கும், முன்பக்கச் சிலியா ஓடிக்கொண்டிருக்கும். முன்பக்கத்தைப் பார்த்து ஓடுது என்று எழுதிவிடாதீர்கள். பக்கவாட்டுச் சிலியா இரண்டு இழைகளுக்கு நடுவே எதிரெதிரே, அலையலையாக வரும்.

செரோடோனின் ஹைட்ரோகுளோரைடு 21.3 மில்லிகிராமைப் 10 மில்லி தண்ணீரில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதில் 10 மைக்ரோலிட்டரைப் 10 மில்லி கடல்நீரில் விட்டால் 10 மைக்ரோமோலார், சோதனைக்கு இது போதும். கரைசலை வெளிச்சம் படாமல் வையுங்கள், பழுப்பேறினால் கொட்டிவிடுங்கள். செரோடோனினில் ஓட ஆரம்பித்த வேறொரு துண்டில் கால்சியம் அயனோஃபோரை (சவ்வைத் தாண்டிக் கால்சியத்தை உள்ளே விடும் பொருள்) போடுங்கள், நிற்கும். அயனோஃபோரைக் கரைத்த டிஎம்எஸ்ஓ கரைப்பானை மட்டும் அதே அளவில் செரோடோனினில் ஓடும் மூன்றாவது துண்டில் போட்டுப் பாருங்கள், அது ஓடிக்கொண்டே இருந்தால்தான் நிறுத்தியது கால்சியம் என்று சொல்லலாம்.

குளச்சல் – ஜனவரி 27, இரவு 9.20

செரோடோனினில் ஓடியது, 240 படத்தில் எண்ணினோம். டோபமினும் நிறுத்தும் என்று இருந்ததால் போட்டோம், நிற்கவில்லை. கரைசல் இளஞ்சிவப்பாக இருந்தது.

வடசேரி – ஜனவரி 27, இரவு 9.45

அந்த நிறமே விடை. கடல்நீர் காரத்தன்மை, டோபமின் அதில் காற்றுப்பட்டுச் சீக்கிரம் கெடும். 19 மில்லிகிராமைப் 10 மில்லி காய்ச்சி வடித்த நீரில், துளி அஸ்கார்பிக் அமிலம் சேர்த்துக் கரைத்துப் பனிக்கட்டியில் வையுங்கள். கடல்நீரில் சேர்ப்பது செவுள் தட்டுக்கு வந்தபின், அரை நிமிடத்துக்குள். அஸ்கார்பிக் மட்டும் போட்ட துண்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.